காழில் கோத்த வரலாறு



கிரேக்க நாட்டுச் சுவ்லாக்கியைப் பற்றி இன்று எழுதுகிறேன். சுவ்லாக்கி என்பது வேறொன்றுமில்லை. இறைச்சியைச் சிறு துண்டுகளாக அரிந்து, குச்சியில் கோத்து, கரித்தணலில் வாட்டி எடுப்பதுதான். நம் ஊர்ச் சாத்தேக்குத் தூரத்து உறவு என்று சொல்லத் தோன்றும். ஆனால், அப்படி உறவு கொண்டாடுவதில்தான் சிக்கலே இருக்கிறது. அதனைப் பிறகு பார்ப்போம். கிரேக்கர்கள் இதனைப் பெரும்பாலும் பன்றி இறைச்சியில் செய்வார்கள். பன்றி என்றதும் முகம் சுளிக்கும் அன்பர்கள் கோழியை மனத்தில் நிறுத்திக்கொண்டு படிக்கலாம். செய்முறையில் பெரிய வேறுபாடு இல்லை.

இறைச்சி கோக்கும் கம்பியைக் குறிக்க, 'காழ்' என்னும் சங்கச் சொல்லை இக்கட்டுரை முழுவதும் ஆள்கிறேன். பத்துப்பாட்டில் ஒன்றாகிய பொருநராற்றுப்படையில், கரிகாலன் அளிக்கும் விருந்தில் காழில் சுட்ட இறைச்சி இடம்பெறுகிறது. இத்துணைச் சுருக்கமான சொல் நம்மிடம் இருக்கையில், 'இறைச்சி கோக்கும் கம்பி' என்று ஒவ்வொரு முறையும் நீட்டி எழுதுவானேன்?

இப்பொருளை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நம் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லும்போது, "இது நம்முடையது, இத்தனை ஆயிரம் ஆண்டு பழமையானது" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறோம். பிள்ளையும் நம்பிவிடுகிறது. பிறகு இடைநிலைப் பள்ளியில் வேறோர் ஆசிரியர், "சான்று என்ன?" என்று கேட்கும்போது விழிக்கிறது. அந்தக் கேள்வியை நம் சொந்தப் பெருமைகளிடம் கேட்பது நமக்குக் கடினம், நெஞ்சு வலிக்கும். பிறருடைய பெருமையிடம் முதலில் கேட்டுப் பழகலாமே! கிரேக்கரின் சுவ்லாக்கி அதற்கு மிகவும் பொருத்தமானது.

எரிமலைக்கு அடியில் கிடைத்த அடுப்பு

சுவ்லாக்கி மூவாயிரத்து அறுநூறு ஆண்டு பழமையானது என்பது கிரேக்கர் பலர் சொல்லும் பெருமை. அவர்கள் சான்றாகக் காட்டுவது சாந்தோரினித் தீவில் உள்ள அக்ரோத்திரி என்னும் ஊரை. கி.மு. 17 அல்லது 16ஆம் நூற்றாண்டில் அத்தீவின் எரிமலை வெடித்துச் சிதறியது. ஊர் முழுவதும் சாம்பலில் புதைந்தது. 1967ஆம் ஆண்டு ஸ்பிரிடோன் மாரினாத்தோஸ் என்னும் தொல்லியலறிஞர் அங்கு அகழாய்வைத் தொடங்கினார். வீடுகள், சுவரோவியங்கள், தாழிகள் ஆகியவற்றோடு, அடுப்பங்கரைப் பொருள்களும் வெளிப்பட்டன. அவற்றுள் சில, இணை இணையாகக் கிடைத்த தாங்கிகள். இரண்டையும் எதிரெதிரே நிறுத்தினால், மேல்விளிம்பில் உள்ள பள்ளங்கள் நேருக்கு நேர் அமைகின்றன. காழ்களைக் குறுக்கே வைத்தால் உருளாமல் நிற்கும். அடியிலோ வரிசையாகச் சிறு துளைகள். தணலுக்குக் காற்று போவதற்காக!

சாத்தே அடுப்பைப் பார்த்தவர்களுக்கு இதனை விளக்கவே வேண்டா.

இதற்குச் சில நூற்றாண்டுகளுக்குப் பின்னர், கிரேக்கப் பெருநிலத்தில் மைசீனிய நாகரிகம் தழைத்தது. அம்மக்கள் விட்டுச்சென்ற செவ்வக வடிவிலான சுடுமண் தட்டங்களை ஆய்வாளர்கள் விளையாட்டாகச் 'சுவ்லாக்கித் தட்டம்' என்றே அழைக்கின்றனர். ஆனால் அவற்றை எப்படிப் பயன்படுத்தினார்கள்? தட்டத்தை நெருப்பின்மேல் வைத்தார்களா, நெருப்பைத் தட்டத்தினுள் வைத்தார்களா? ஜூலி ஹ்ருபி என்னும் அமெரிக்க ஆய்வாளர், அதே போன்ற தட்டங்களை வனையச் செய்து, உண்மையாகவே இறைச்சி வாட்டிப் பார்த்தார். தட்டத்தினுள் தணலை இட்டு, அதன்மேல் காழ்களை வைத்தபோதுதான் இறைச்சி நன்றாக வெந்தது. 2014ஆம் ஆண்டில் இம்முடிவை அவர் அறிவித்தார். ஒரு கேள்விக்கு விடை காணச் செய்துபார்ப்பதைவிட நேர்மையான வழி எது? நம் அறிவியல் பாடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்வதும் இதைத்தானே.

சரி, இவை எதனை மெய்ப்பிக்கின்றன? அந்த மண்ணில் வாழ்ந்த மக்கள் அக்காலத்திலேயே இறைச்சியைக் காழில் கோத்துத் தணலில் வாட்டினார்கள் என்பதை மெய்ப்பிக்கின்றன. அதற்குமேல் எதனையும் மெய்ப்பிக்கவில்லை. நெருப்பும் கூரிய குச்சியும் உள்ள எந்த இனத்தாருக்கும் இவ்வெண்ணம் தோன்றக்கூடியதே. பொருநராற்றுப்படையில் இருப்பதால் தமிழரிடமிருந்து கிரேக்கர் கற்றார் என்றோ, அக்ரோத்திரியில் இருப்பதால் கிரேக்கரிடமிருந்து நாம் கற்றோம் என்றோ ஒருவர் சொன்னால், இரண்டும் ஒரே தரத்துப் பேச்சுதான்.

அக்கிலீசின் சமையல்

ஹோமரின் இலியத்து காப்பியத்தின் ஒன்பதாம் பகுதியில், சினங்கொண்டு போர் செய்ய மறுத்து ஒதுங்கியிருக்கும் அக்கிலீசைச் சமாதானப்படுத்த ஒடிசியசு, அயாக்சு, ஃபீனிக்சு ஆகியோர் அவன் பாசறைக்கு வருகின்றனர். வந்தவர்களுக்கு முதலில் உணவு. பகை, பேச்சு எல்லாம் பிறகு. செம்மறியின் முதுகுக்கறி, வெள்ளாட்டின் முதுகுக்கறி, கொழுத்த பன்றியின் முதுகுக்கறி ஆகியவற்றை அக்கிலீசே அரிகிறான். அவனுடைய நண்பன் பத்ரோக்கிளசு தீ மூட்டுகிறான். தழல் அடங்கிய பின்னரே தணலைப் பரப்பி, அதன்மேல் காழ்களை வைக்கிறார்கள். உப்புத் தூவுகிறார்கள். தாங்கிகளுக்கு ஹோமர் ஆளும் 'கிராத்தியுத்தாய்' என்னும் சொல்லையே அக்ரோத்திரித் தாங்கிகளுக்கும் ஆய்வாளர்கள் இட்டிருக்கின்றனர்.

கிரேக்க உலகின் தலைசிறந்த வீரன் தன் கையால் கறி அரிந்து விருந்தினருக்குப் படைக்கிறான் என்பதை நம் ஆண்பிள்ளைகள் கவனிக்க வேண்டும். (இதனைப் படிக்கும் சில தந்தையரும்தாம்!)

பன்றி இறைச்சிக்கு ஒடிசி காப்பியத்தின் பதினான்காம் பகுதியே சிறந்த இடம். இருபது ஆண்டுகள் கழித்துப் பிச்சைக்காரன் கோலத்தில் நாடு திரும்பும் ஒடிசியசை முதலில் வரவேற்பவன் யூமையசு என்னும் பன்றி மேய்ப்பன். வந்திருப்பவர் தன் அரசர் என்பது அவனுக்குத் தெரியாது. பன்னிரண்டு பட்டிகள், பட்டிக்கு ஐம்பது பெண் பன்றிகள் என ஹோமர் கணக்குக் கொடுக்கிறார். ஆக அறுநூறு. ஆண் பன்றிகளோ முந்நூற்று அறுபதுதான். ஏன் குறைவு? அரண்மனையில் உட்கார்ந்துகொண்டு அரசியை மணக்கக் காத்திருக்கும் கூட்டத்திற்கு, நாள்தோறும் கொழுத்த ஆண் பன்றியை அனுப்ப வேண்டியிருக்கிறது. மேய்ப்பனுக்கு மிஞ்சுவது குட்டிகளே. அவற்றுள் இரண்டை அறுத்து, காழில் கோத்து வாட்டி, வெண்மையான வாற்கோதுமை மாவைத் தூவி, காழோடு சுடச்சுட விருந்தினன் முன் வைக்கிறான். நல்லதெல்லாம் தின்று தீர்ப்பவர்களைப் பற்றிய வருத்தத்தையும் அப்போதே சொல்லிவிடுகிறான். அரசனைப் பற்றிய கதையில் உழைப்பவனின் அடுப்பங்கரைக்கு இத்தனை அடிகள் ஒதுக்கப்பட்டிருப்பதை நான் எண்ணி எண்ணி வியப்பதுண்டு.

காழே காசு

இந்தப் பகுதியைக் கணித ஆசிரியர்களும் படிக்க வேண்டும்.

காழுக்குப் பழங்கிரேக்கத்தில் 'ஒபெலோஸ்' என்று பெயர். நாணயம் அச்சிடப்படாத காலத்தில், இரும்புக் காழ்களே மதிப்புள்ள பொருளாகக் கைமாறின. ஒரு கைப்பிடிக்குள் ஆறு காழ்கள் அடங்கும். கைப்பிடி என்னும் பொருளுடைய சொல்லே 'திராக்மா'. பின்னர் வெள்ளி நாணயம் வந்தபோதும் பெயர்கள் மாறவில்லை. ஆறு 'ஒபோல்' சேர்ந்தால் ஒரு திராக்மா. கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க், லைசாண்டரின் வாழ்க்கை வரலாற்றில் இதனைக் குறிப்பிடுகிறார். வெறும் சொல்விளக்கம் என்று ஒதுக்கிவிட முடியாதபடி, ஆர்கோசு நகருக்கு அருகிலுள்ள ஹீரா கோவிலில் 1890களில் நடந்த அகழாய்வில் இரும்புக் காழ்களின் கட்டு ஒன்று கிடைத்தது. அக்காழ்கள் ஏதென்ஸ் நாணயக் காட்சியகத்தில் உள்ளன. ரோடோபிசு என்னும் பெண் தன் செல்வத்தில் பத்திலொரு பங்கைக் கொண்டு காளை வாட்டும் இரும்புக் காழ்களைச் செய்வித்து, தெல்பிக் கோவிலுக்குக் காணிக்கையாக அனுப்பினாள் என்று ஹெரோதோத்தசும் எழுதியிருக்கிறார்.

நவீனக் கிரேக்க நாட்டின் பணத்துக்கும் திராக்மா என்றே பெயர் இருந்தது. 2002ஆம் ஆண்டில் யூரோ நாணயங்களும் தாள்களும் புழக்கத்திற்கு வந்தபோது அப்பெயர் மறைந்தது.

இன்னும் இருக்கிறது. எகிப்தின் நெடிய கற்றூண்களைக் கண்ட கிரேக்கர்கள் அவற்றை 'ஒபெலிஸ்கோஸ்', அதாவது 'சின்னக் காழ்' என்று அழைத்தனர். வானுயர்ந்த தூணைப் பார்த்துச் சமையல் கம்பி என்று சொன்னவர்களின் நகைச்சுவையைப் பாருங்கள்! கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராக இருந்த செனோடோத்தசு, ஹோமரின் காப்பியங்களைப் பதிப்பிக்கும்போது, இடைச்செருகல் என்று ஐயுற்ற அடிகளின் ஓரத்தில் ஒரு கிடைக்கோடு இட்டார். அக்குறிக்கும் ஒபெலோஸ் என்றே பெயர். ஐயத்திற்குரிய அடியைக் காழால் குத்தி வைப்பது போல! அடியை நீக்கிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். படிப்பவர் முடிவு செய்யட்டும் என்று குறி மட்டும் இட்டார். அக்கோட்டின் மேலும் கீழும் புள்ளி வைத்த வடிவமும் ஏடுகளில் வழங்கியது. 1659ஆம் ஆண்டில் யோகான் ரான் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டவர் தம் இயற்கணித நூலில் ÷ என்னும் அவ்வடிவத்தை வகுத்தலுக்குப் பயன்படுத்தினார். நம் பிள்ளைகள் வகுத்தல் கணக்கில் நாள்தோறும் இடும் குறியின் பெயர் ஆங்கிலத்தில் இன்றும் 'ஒபெலஸ்'தான்.

ஒரு சொல்லும் ஒரு பொறியும்

இத்தனை பழமையான ஒபெலோஸ் இருக்க, சுவ்லாக்கி என்னும் பெயர் எங்கிருந்து வந்தது? இங்கேதான் பெருமைக்கு முதல் அடி விழுகிறது. 'சுவ்லா' என்பது கிரேக்கச் சொல்லே அன்று. இலத்தீனில் 'சுபுலா' என்றால் செருப்புத் தைப்பவரின் குத்தூசி. தைத்தல் என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து பிறந்தது. உரோமப் பேரரசின் காலத்தில் கிரேக்க மொழிக்குள் புகுந்து, காழைக் குறிக்கும் சொல்லாக நிலைத்தது. 'ஆக்கி' என்பது சிறுமையைக் காட்டும் கிரேக்க ஈறு. ஆக, சுவ்லாக்கி என்றால் 'சிறு காழ்'.

நம்மவரில் சிலருக்கு இந்நேரம் 'சூலம்' நினைவுக்கு வந்திருக்கும். எனக்கும் வந்தது. சூலமும் குத்துவது, சுவ்லாவும் குத்துவது, ஒலியும் ஏறக்குறைய ஒன்று! ஆயினும் ஒலி ஒப்புமை ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு சூலத்தை இங்கே இழுத்துவந்து நிறுத்தக்கூடாது. சுவ்லா வந்த வழி தெளிவாக இருக்கிறது. அவ்வழியில் சூலம் எங்கும் எதிர்ப்படவில்லை.

தட்டில் உள்ள மற்றவற்றையும் பார்ப்போம். எலுமிச்சை ஹோமருக்குத் தெரியாது. நடுக்கடல் நாடுகளில் அது பரவலானது இடைக்காலத்தில், அரபியர் வழியாக. தக்காளியும் உருளைக்கிழங்கும் மிளகாய்த்தூளும் அமெரிக்கக் கண்டத்தின் கொடைகள். கிரேக்கத்தில் உருளைக்கிழங்கைப் பரப்பியவராகச் சொல்லப்படுபவர், 1828 முதல் 1831 வரை நாட்டை ஆண்ட முதல் ஆளுநர் கப்போதிஸ்திரியாஸ். மக்கள் வாங்க மறுத்ததால், கிழங்குக் குவியலுக்குக் காவல் போட்டாராம். காவல் இருந்தால் விலையுயர்ந்த பொருளாகத்தான் இருக்கும் என்று மக்கள் திருடிச் சென்றார்களாம்! நல்ல கதை. ஆனால் இதே கதையைப் பிரான்சில் பர்மாந்தியேயைப் பற்றியும் பிரசியாவில் மன்னர் பிரெடெரிக்கைப் பற்றியும் சொல்கிறார்கள். செனோடோத்தசு இருந்திருந்தால் ஓரத்தில் ஒரு கோடு இட்டிருப்பார்.

1922

இப்போது நாம் சுவ்லாக்கிக் கடையில் காணும் உணவின் பெரும்பகுதி, அதாவது தட்டை ரொட்டியில் இறைச்சி, வெங்காயம், தயிர்த் தொடுகறி ஆகியவற்றைச் சுருட்டித் தருவது, மிக அண்மைக்காலத்தது. அதற்குப் பின்னால் ஒரு பேரவலம் இருக்கிறது.

முதல் உலகப் போருக்குப் பின் கிரேக்கப் படை சிறிய ஆசியாவிற்குள் நுழைந்து துருக்கியருடன் போரிட்டுத் தோற்றது. 1922ஆம் ஆண்டு செப்டம்பரில் துருக்கியப் படை ஸ்மிர்னா நகருக்குள் புகுந்தது. நகரின் கிரேக்க, ஆர்மீனியப் பகுதிகள் தீக்கிரையாயின. கடற்கரையில் தீக்கும் நீருக்கும் இடையில் இலட்சக்கணக்கானோர் சிக்கித் தவித்தனர். 1923 ஜனவரியில் லொசானில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி இரு நாடுகளும் மக்களையே பரிமாறிக்கொண்டன. போரில் தப்பி ஓடி வந்தவர்களையும் சேர்த்து, சுமார் 1.2 மில்லியன் கிறிஸ்துவர்கள் கிரேக்கத்திற்கு வந்தனர். ஏறத்தாழ நான்கு இலட்சம் முஸ்லிம்கள் துருக்கிக்குச் சென்றனர்.

மொழியாசிரியர்களாகிய நாம் நின்று சிந்திக்க வேண்டிய இடம் இது. யார் கிரேக்கர், யார் துருக்கியர் என்பதை அவ்வுடன்படிக்கை மொழியைக் கொண்டு முடிவு செய்யவில்லை. சமயத்தைக் கொண்டு முடிவு செய்தது. கரமான்லிகள் என்னும் கிறிஸ்துவர்களுக்குத் தாய்மொழி துருக்கியம். அதனைக் கிரேக்க எழுத்தில் எழுதிவந்தார்கள். அவர்கள், தங்களுக்குப் புரியாத மொழி பேசும் 'தாய்நாட்டிற்கு' அனுப்பப்பட்டனர். கிரீட் தீவின் முஸ்லிம்கள் கிரேக்கம் பேசினார்கள். அவர்களுக்குத் துருக்கி 'தாய்நாடு' ஆயிற்று. இரு பக்கத்திலும் பள்ளிக்கூடத்தில் முதல் நாள் உட்கார்ந்த பிள்ளைகளை எண்ணிப் பார்க்கிறேன்...

அப்படி வந்த அகதிகள் ஏதென்ஸின் ஓரங்களில் குடியேறி, தாங்கள் விட்டுவந்த ஊர்களின் பெயரையே புதிய குடியிருப்புகளுக்கு இட்டனர். நெயா ஸ்மிர்னி என்றால் புது ஸ்மிர்னா. அவர்களோடு மசாலைகளும், கபாப்பும், நட்டுக்குத்தாகச் சுழலும் பெருங்காழில் இறைச்சி அடுக்கி வாட்டும் முறையும் வந்தன. துருக்கியில் ஆட்டிறைச்சியில் செய்யப்பட்ட அது, பன்றிக்குத் தடையில்லாத கிரேக்கத்தில் காலப்போக்கில் பன்றி இறைச்சிக்கு மாறியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிராம மக்கள் நகரங்களில் வந்து குவிந்தபோது, கையில் பிடித்து நடந்துகொண்டே தின்னக்கூடிய இம்மலிவான உணவு தெருவுக்குத் தெரு பரவியது.

முதலில் அதற்குத் துருக்கியப் பெயரான 'தோனர்' என்பதே வழங்கியது. 1970களில் அப்பெயர் மறைந்து 'கீரோஸ்' என்றாயிற்று. இரண்டுக்கும் பொருள் ஒன்றே: சுழல்வது. 1974இல் சைப்ரஸ் தீவில் துருக்கியப் படை இறங்கியதையொட்டி எழுந்த கசப்பில், 'துருக்கிக் காப்பி' கூட 'கிரேக்கக் காப்பி' ஆனது. பெயரை மொழிபெயர்த்துவிட்டால் பொருளும் நம்முடையதாகிவிடும் என்ற நம்பிக்கை, உலகெங்கும் இருக்கிறது போலும். அதே வேளையில், தொடுகறியின் பெயரான 'சாட்சீகி' துருக்கியச் சொல்லான 'ஜாஜிக்'கிலிருந்து வந்ததே. அதனை மாற்ற மறந்துவிட்டார்கள்!

கிரேக்கருக்குள்ளேயே பெயர்ச்சண்டை வேறு. ஏதென்ஸ் மக்கள் காழில் வாட்டிய இறைச்சியைக் 'கலமாக்கி' என்பார்கள். சிறு நாணல் என்று பொருள். தெசலோனிக்கியில் கலமாக்கி என்று கேட்டால், பானம் உறிஞ்சும் குழாயை எடுத்து நீட்டுவார்களாம்.

வீட்டில் செய்ய

ஒரு கிலோ பன்றித் தோள்பட்டைக் கறி அல்லது கழுத்துக்கறி. கொழுப்பில்லாத தொடைக்கறி வேண்டா, வறண்டுவிடும். இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்கு ஒரே சீராக அரியுங்கள். ஒலிவ எண்ணெய் நான்கு மேசைக்கரண்டி, நசுக்கிய பூண்டு இரண்டு பல், உலர்ந்த ஒரிகானோ இலை இரண்டு தேக்கரண்டி, மிளகுத்தூள் ஆகியவற்றைப் பிசறி, குளிர்ப்பெட்டியில் ஓரிரவு வைக்கலாம். எலுமிச்சைச் சாற்றை அப்போதே ஊற்றாதீர்கள். நெடுநேரம் ஊறினால் புளிப்பு இறைச்சியின் மேற்பரப்பை மாவு போலாக்கிவிடும். வாட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்னர்ப் பாதிப் பழம் போதும். மீதிப் பாதி பரிமாறும்போது.

மூங்கில் குச்சிகளை அரைமணி நேரம் நீரில் ஊறவையுங்கள். துண்டுகளை மிக நெருக்கிக் கோக்க வேண்டா. சாத்தே வாட்டும் நீள அடுப்பு இருந்தால் அதுவே போதும். கரி பற்றியவுடன் அவசரப்படாமல், பத்ரோக்கிளசு செய்தது போல் தழல் அடங்கி, கரி வெண்சாம்பல் பூக்கும் வரை காத்திருங்கள். உப்பை அப்போது தூவுங்கள். திருப்பித் திருப்பிப் பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள். பன்றி இறைச்சி உள்வரை வெந்திருக்க வேண்டும். வெப்பமானி இருந்தால் நடுவில் 71 பாகை காட்டட்டும். பச்சைக் கறி வைத்திருந்த தட்டில் வெந்ததை வைக்கக் கூடாது.

எல்லாக் காழ்களையும் ஒரே மாதிரி செய்துவிடாதீர்கள். இரண்டே இரண்டை எண்ணெய், எலுமிச்சை, ஒரிகானோ எதுவும் இல்லாமல் உப்பு மட்டும் தூவி வாட்டித் தனியே வையுங்கள். அவை ஹோமர் காலத்தவை. பிள்ளைகளிடம் இரண்டு வகையையும் கொடுத்து, எது பழையது, எது புதியது என்று சொல்லாமல் கேட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் உப்புக் காழ்தான் முதலில் தீர்ந்தது.